நாற்பது மணி நேரப் பயனாளி

தொண்டு செய்ய ஆள் கிடைப்பது பெரிய காரியமே இல்லை. தொண்டு செய்யப்பட ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. இந்த உண்மை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உறைத்தபோது, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆறாறு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, மஞ்சள் தொப்பியும் தைத்துக் கொடுத்து முடித்திருந்தார்கள்.

'சேவைவழிக் கற்றல்' என்பது திட்டத்தின் பெயர். ஒவ்வொரு பிள்ளையும் நாற்பது மணி நேரம் யாருக்காவது உதவி செய்ய வேண்டும். செய்ததற்குச் சான்றிதழ் இல்லாவிட்டால் எட்டாம் வகுப்பு இல்லை. ஆனால் உதவி தேவைப்பட்டவர்களையெல்லாம் மற்றப் பள்ளிக்கூடங்கள் முன்கூட்டியே பிடித்து வைத்துவிட்டன. முதியோர் இல்லத்தில் செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளி நகம் வெட்டியது, வியாழக்கிழமை இன்னொரு பள்ளி வெட்டியது. மூன்றாவது பள்ளி போனபோது நகம் இல்லை, விரல்தான் மிச்சம். பூங்காவைப் பெருக்கப் போன குழு, அது ஏற்கெனவே கண்ணாடி மாதிரி இருப்பதைக் கண்டு, ஒரு சாக்குச் சருகைக் கொண்டுபோய்க் கொட்டிப் பெருக்கிவிட்டு வந்தது.

கடைசியில் ஒரே ஒரு குழுவுக்கு மட்டும் ஆள் அகப்படவில்லை. பொறுப்பாசிரியை, பிள்ளைகள் பாஷையில் 'சேவை மிஸ்', வகுப்பில் வந்து நின்று உருகினார்.

"உங்க அக்கம்பக்கத்துல கஷ்டப்படறவங்க ஒருத்தர்கூடவா இல்ல? நல்லா யோசிச்சுப் பாருங்க கண்ணுங்களா."

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை எழுந்தது. "எங்க அப்பாவுக்குக் கால் ஒடஞ்சிருக்கு மிஸ். வீட்லதான் சும்மா இருக்காரு."

சேவை மிஸ் முகத்தில் புதையல் எடுத்தவரின் ஒளி வந்தது. பஸ் ஓட்டுநர் ஒருவர் பயனாளி ஆன கதை இதுதான்.

ஓட்டுநருக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பஸ்ஸைப் பள்ளத்தில் விட்டதில்லை. ஒருநாள் டயரைப் பார்க்க இறங்கும்போது தன் காலைத்தான் பள்ளத்தில் விட்டார். கணுக்காலுக்கு மேலே எலும்பு இரண்டாகி, மாவுக்கட்டு போட்டு, மூன்றாவது மாடி வீட்டில் கொண்டுவந்து படுக்கப் போட்டார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடம். பிள்ளைகள் வருகிறார்கள் என்றதும் அவருக்குச் சந்தோஷம்தான். பேச்சுத்துணை ஆயிற்று என்று நினைத்தார். பேச்சுத்துணை ஒரு சக்கர நாற்காலியையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தது.

வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், நாளுக்கு ஒன்றேகால் மணி நேரம், பதினாறு வாரம். ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பதவி. ஒருத்தி தலைவி, ஒரு பையன் கேமரா. நேரம் குறிப்பவள் ஓட்டுநரின் மகளேதான். சின்ன வயதிலிருந்தே மணி பார்த்துத்தான் தும்முவாள் என்பதால் வீட்டில் அவளுக்குக் 'கடிகாரம்' என்று பெயர். நான்கு மணி முதல் ஐந்தேகால் வரை அவள் அப்பா என்று கூப்பிட மாட்டாள்.

"பயனாளி, தண்ணி வேணுமா?"

"பயனாளியா? உன்னப் பெத்தவன்டி நான்."

"சேவை நேரத்துல சொந்தம் பாக்கக் கூடாதுன்னு மிஸ் சொல்லியிருக்காங்க. வேணுமா, வேணாமா?"

தண்ணீர் வரும். அதில் ஓர் எறும்பும் வரும். அதற்குப் பிறகு 'வெளிக்காற்று உலா'. அதாவது நாற்காலியைக் கூடத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய், திரும்பவும் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வருவது. பதினோரு அடி போக, பதினோரு அடி வர. பிறகு, எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பையன், எழுத்துக் கூட்டாமலே படிக்கத் தெரிந்த ஓட்டுநருக்கு, செய்தித்தாள் வாசித்துக் காட்டுவான். நடுவில் கேமரா குறுக்கே வரும்.

"அங்கிள், கொஞ்சம் சோகமாப் பாருங்க. இன்னும் கொஞ்சம். சூப்பர். இப்ப நாங்க வந்துட்டோம், சிரிங்க."

ஐந்தாவது வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். ஆறாவது வாரத்தில் ஓட்டுநர் கைத்தடியையும் மூலையில் சாத்திவிட்டு நடந்தார். ஆஸ்பத்திரி டாக்டர், "ஜம்முனு இருக்கீங்க, போய் வண்டிய எடுங்க" என்றார். ஓட்டுநர் அன்றைக்கே சேவை மிஸ்ஸுக்குப் போன் போட்டு நல்ல சேதியைச் சொன்னார். அந்தப் பக்கம் சாவுச் சேதி கேட்ட குரல்.

"நடக்கறீங்களா? எவ்வளவு தூரம்?"

"எவ்வளவு தூரம் வேணாலும் நடப்பேன் மிஸ். அதான் பிள்ளைங்களுக்கு இனிமே சிரமம் வேணாம்னு..."

"ஐயோ, அப்படிச் சட்டுனு குணமாகக் கூடாதுங்க. திட்டம் பதினாறு வாரம். பயனாளி பாதியில விலகினா, செஞ்ச மணி நேரமெல்லாம் செல்லாது. ஆறு பிள்ளைங்களும் புது ஆளைத் தேடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். உங்க பொண்ணும்தான்."

"அப்ப நான் டியூட்டிக்குப் போயிட்டு, செவ்வா வெள்ளி மட்டும் வந்து உக்காந்துக்கறேனே."

"பயனாளி பஸ் ஓட்டறதை யாராவது பாத்தா என்னங்க ஆகும்? நாம குடுக்கறது உதவி இல்ல, மாண்பு. அந்த மாண்பை நீங்கதான் காப்பாத்தணும்."

மாண்பைக் காப்பாற்ற ஓட்டுநர் வீட்டுக்குள் அடைந்தார். குழுவில் நாலு பிள்ளைகளின் வீட்டார் அதே தெரு. ஒருவனுடைய அத்தை எதிர் ஜன்னல். ஆகவே கீழே இறங்கக் கூடாது, பால்கனியில் நிமிர்ந்து நிற்கக் கூடாது. துணி காயப்போட வேண்டுமானால் முழங்காலிட்டுப் போட வேண்டும். தெருமுனையில் பஸ் திரும்பும் சத்தம் மட்டும் கேட்கும். கியர் மாற்றும் தினுசைக் கேட்டே ஓட்டுபவன் யாரென்று சொல்வார். "பாவி, இரண்டாவதுல எடுக்க வேண்டியதை மூணாவதுல எடுக்கறான்" என்று சுவரைப் பார்த்துப் புலம்புவார்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு இதில் துளி இரக்கமும் இல்லை. "ரெண்டு மாசம் உக்காந்துட்டுத்தான் போங்களேன். இருபத்திரண்டு வருஷமா உக்காந்துதானே வேல பாத்தீங்க?"

பிள்ளைகள் ஆறு பேருக்கும் அவர் நடப்பது தெரியும். அது அவர்களுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நாற்காலியைத் தள்ள வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறது, தள்ளினார்கள். ஆள் அதில் இருந்தால் சரி. ஆள் எழுந்து போயிருந்தால் வெறும் நாற்காலியைத் தள்ளினார்கள்.

பதினைந்தாவது வாரம் டிப்போவிலிருந்து கடிதம் வந்தது. பதினைந்தாம் தேதிக்குள் நேரில் வந்து உடல் தகுதியை நிரூபிக்காவிட்டால், நிரந்தரமாக லைட் டியூட்டி, அதாவது வண்டி தொடாத வேலை. இடம்: தவறவிட்ட பொருட்கள் அறை.

ஓட்டுநர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். அந்த அறையை அவருக்குத் தெரியும். டிப்போவின் பின்கட்டில், ஜன்னல் இல்லாத அறை. பயணிகள் விட்டுப்போன குடைகளும் ஒற்றைச் செருப்புகளும் கூரை வரைக்கும். அதற்குள் ஒருவன் இருக்கிறான். முதுகுப் பிடிப்பு என்று இரண்டு வாரம் லைட் டியூட்டிக்குப் போனவன், பதினோரு வருஷமாகிறது. எல்லோரும் அவனைக் 'குடை' என்றே கூப்பிடுகிறார்கள். சம்பளப் பட்டியலில் இருக்கும் சொந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை, தெருவில் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து ஓட்டுநர் கிளம்பினார். தெரு முழுக்க நொண்டினார். தெருமுனை தாண்டியதும் நிமிர்ந்தார். டிப்போ டாக்டர் முன்னால் நடந்தார், குந்தினார், எழுந்தார், பிரேக் மிதிக்கும் கட்டையை மிதி மிதியென்று மிதித்தார். டாக்டர் தகுதி என்று எழுதி மேலாளரிடம் அனுப்பினார்.

டிப்போ மேலாளர் அந்தத் தாளைத் தொடவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து வழவழப்பான ஒரு செய்திமடலை எடுத்தார். இருபதாம் தேதி பள்ளியில் சேவைக் கண்காட்சி. அதற்கு அவர்தான் சிறப்பு விருந்தினர். அழைப்போடு இந்த மடலும் வந்திருந்தது. முதல் பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஓட்டுநர், சோகமாக. சுற்றிலும் ஆறு மஞ்சள் தொப்பி. கீழே கொட்டை எழுத்தில்: 'இவரால் எழ முடியாது. ஆனால் எங்கள் அன்பு இவரைத் தாங்குகிறது.'

"என்ன டிரைவர், இது போன வாரம் எடுத்த படம். உங்களால எழ முடியாதுன்னு போட்டிருக்கே?"

"நான்தான் சார் உங்க முன்னாடி நின்னுட்டிருக்கேனே."

"அது எனக்குத் தெரியுது. ஃபைலுக்குத் தெரியணுமில்ல? நாளைக்கே நீங்க எங்கயாவது மோதினீங்கன்னா, இந்தப் படத்தை எவனாவது கொண்டாந்து என் மூஞ்சில வீசுவான். நடக்கறார்னு அந்தப் பள்ளிக்கூடத்துலேருந்தே எழுத்துல வாங்கிட்டு வாங்க. பதினஞ்சுக்குள்ள."

சேவை மிஸ் எழுதித் தருவாரா? கண்காட்சிக்கு முன்னால் ஒரு வரி எழுதினாலும் கண்காட்சியே கிடையாது. ஓட்டுநர் வீட்டுக்குத் திரும்பினார். தெருமுனையில் மறக்காமல் நொண்ட ஆரம்பித்தார்.

மளிகைக்கடைக்காரர் வாசலில் நின்று உற்றுப் பார்த்தார். "காலைல வலது கால்தானே நொண்டினீங்க?"

"மாத்தி மாத்தி வலிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு ஓட்டுநர் மாடியேறினார்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாலு மணிக்கு உலா நடந்தது, செய்தித்தாள் நடந்தது, படம் பிடித்தார்கள். "இன்னிக்கு அங்கிள் சோகம் சூப்பர்" என்றான் கேமரா. ஐந்தேகாலுக்கு எல்லோரும் போனபின், ஓட்டுநர் நாற்காலியை விட்டு எழாமல் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்த மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சேவை நேரம் முடிஞ்சு நாலு நிமிஷம் ஆச்சு. அப்பா, இதைப் பாரு."

அவளுடைய நேரக் குறிப்பேடு. ஓட்டுநர் புரட்டினார். புரட்டப் புரட்ட நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எல்லாத்தையும் எழுதியிருக்கியே! மிஸ் பாத்தா தொலைஞ்சே!"

"மிஸ் எங்க படிச்சாங்க? வாரா வாரம் கையெழுத்து மட்டும்தான். ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கு பாரு. பள்ளிக்கூட முத்திரையும் இருக்கு."

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குள்ளயே போலீஸ் ஸ்டேஷன் வெச்சிருந்திருக்கா" என்றாள்.

ஓட்டுநர் நோட்டை மூடினார். "வேணாம்டா. எங்க மேலாளர் சார் இருபதாம் தேதி அங்கதான் வரப்போறார். வாய் தவறிச் சொல்லிட்டார்னா உன் நாப்பது மணி நேரமும் போச்சு. ஆறு பேருக்கும் போச்சு."

"ஆமா. மத்த அஞ்சு பேரும் என்னைக் கொன்னுடுவாங்க." கடிகாரம் பேனாவை மூடினாள். "ஆனா நான்தானே உன்னைக் குடுத்தேன். நீ அந்த ரூமுக்குப் போயிட்டா, எட்டாவதுலயும் உன்னையே பயனாளியாக் கேப்பாங்க."

ஓட்டுநர் மூடிய நோட்டைத் திரும்பத் திறந்தார். திங்கட்கிழமை பதினைந்தாம் தேதி, நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வலது காலை மட்டும் ஞாபகமாக நொண்டிக்கொண்டு போனார்.

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே வாசித்தார்.

"'நாலு பன்னிரண்டு. பயனாளிக்குத் தண்ணீர் கொடுக்கப்பட்டது. நாலு பதின்மூன்று. எறும்பு இருந்ததால் பயனாளி எழுந்து போய்த் தானே வேறு தண்ணீர் எடுத்துக்கொண்டார்.' ம்ம். 'நாலு நாற்பது. மின்விசிறி நின்றது. நாலு நாற்பத்து மூன்று. பயனாளி ஏணியில் ஏறிச் சரிசெய்தார். நாற்காலி நகராமல் நாங்கள் ஆறு பேரும் பிடித்துக்கொண்டோம்.'" கண்ணாடிக்கு மேலாக ஓட்டுநரைப் பார்த்தார். "ஏணியில நீங்க. எதுக்கு நாற்காலியைப் பிடிச்சாங்க?"

"அதுதான் சார் திட்டத்துல இருக்கு."

மேலாளர் முத்திரையை விரலால் தடவினார். கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஓட்டுநர் நேரில் நின்றபோது வராத நம்பிக்கை, இப்போது அவர் முகத்தில் மெல்ல வந்தது. "முறையா இருக்கு. இது போதும்."

ஓட்டுநர் மூச்சை விட்டார். விட்ட மூச்சு பாதியில் நின்றது. மேலாளர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஆறாவது வாரத்துலேருந்து நடக்கறீங்க. இப்ப பதினாறாவது வாரம். பத்து வாரம் ஏன் டியூட்டிக்கு வரல?"

"சார்..."

"விடுப்பு நடக்க முடியாதவனுக்குத்தானே? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க டிரைவர். நடக்க முடியாதுன்னா லைட் டியூட்டி. நடக்க முடியும்னா மெமோ."

வெளியே யாரோ ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து உறும விட்டான். பழைய வண்டி. உறும விடாமல் மெல்ல மிதித்தால்தான் எடுக்கும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓட்டுநர் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றார்.

"மெமோவே குடுத்துடுங்க சார்."

மேலாளர் எழுதினார். மெமோவோடு தண்டனையாக ஏழாம் எண் தடம்: முப்பத்தெட்டு வேகத்தடை, மூன்று பள்ளிக்கூடம், யாரும் கேட்டு வாங்காத தடம். ஓட்டுநர் நன்றி சொல்லித் திரும்பும்போது மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணு. இருபதாம் தேதி நான் பேசறேன். அரை மணி நேரம். 'வீழ்ந்த மனிதனும் விரிந்த கரங்களும்'னு தயார் பண்ணி வெச்சிருக்கேன். அன்னிக்கு நீங்க நாற்காலியில இருக்கணும். இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமைலேருந்து நடந்துக்கங்க."

"நோட்டைப் பத்தி யாருக்கும் சொல்ல மாட்டீங்களே சார்?"

"எந்த நோட்டு?" என்று மேலாளர் அதை ஃபைலுக்குள் போட்டு நாடாவைக் கட்டினார்.

இருபதாம் தேதி மேடையில் ஓட்டுநர் விழுந்த மனிதராக உட்கார்ந்திருந்தார். விரிந்த கரங்கள் அரை மணியில் அடங்கவில்லை. முக்கால் மணி விரிந்தன. மேலாளர் குரல் தழுதழுத்தது. தான் எழுதிய மெமோவை அவரே மறந்துவிட்டாரோ என்று ஓட்டுநருக்குச் சந்தேகம் வந்தது. மூக்கு அரித்தது. நடக்க முடியாதவன் மூக்கைச் சொறியலாமா என்று திட்டத்தில் இருக்கிறதா தெரியவில்லை, அவர் சொறியவில்லை. ஆறு பிள்ளைகளுக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கடிகாரம் சான்றிதழை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அத்துடன் முடிந்தது என்று ஓட்டுநர் எழ இருந்தார். அதற்குள் சேவை மிஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நம்ம பிரியம் இவரை விட்டுப் போகவே கூடாது. அதனால இந்தச் சக்கர நாற்காலியை இவருக்கே அன்பளிப்பா வழங்கறோம்!"

கைத்தட்டல். நாற்காலியைத் திருப்பிக் காட்டினார்கள். முதுகில் பெயின்ட் எழுத்து: 'பஸ் ஓட்டுநர் பயனாளி அவர்களுக்கு, ஏழாம் வகுப்பு.' கீழே வீட்டு முகவரி, கதவு எண் வரைக்கும்.

மூன்று மாடியும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறியவர் ஓட்டுநர்தான். கூடத்தில் வைத்தால் நடக்க இடமில்லை. பால்கனியில் வைத்தால் கதவு திறக்காது. "ஒண்ணு நீங்க இருங்க, இல்ல இது இருக்கட்டும். ரெண்டும் இந்த வீட்ல முடியாது" என்றாள் மனைவி. ஓட்டுநர் ஞாயிறு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வண்டியில் எத்தனை பேர் எத்தனை சாமான்களை விட்டுப்போயிருக்கிறார்கள்!

திங்கட்கிழமை காலை ஏழாம் எண் வண்டியில் முதல் நடை. நாலு மாதம் கழித்து ஸ்டியரிங்கில் கை வைத்தார். நாற்காலியை, முதுகெழுத்து உள்ளே மறையும்படி மடித்துப் பின்சீட்டில் போட்டிருந்தார். நடை முடிந்து ஸ்டாண்டுக்கு வந்ததும், அவர் கணக்குப் போட்டபடியே, கண்டக்டர் அதைக் கண்டெடுத்தார், யாரோ மறந்துவிட்டார்கள் என்றார், தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டு அறையில் ஒப்படைத்தார். ஓட்டுநர் டீ குடித்தார். டீ இவ்வளவு இனிக்கும் என்று அவருக்கு மறந்தே போயிருந்தது.

எட்டு மணி நடைக்கு வண்டி நிரம்பியது. முன்சீட்டில் புத்தகப் பையோடு கடிகாரம். ஓட்டுநர் சாவியைத் திருகப் போகிற நேரம் பின்கட்டிலிருந்து ஒரு கூக்குரல் கேட்டது.

குடை ஓடி வந்தான். வெயில் பட்டுக் கண் கூசி, தலைமயிர் பறக்க, முதுகுப் பிடிப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஸ்டாண்டின் நடுவே ஓடி வந்தான். பதினோரு வருஷத்தில் சொந்தக்காரர் இன்னார் என்று எழுதியிருந்த ஒரே சாமான் அதுதான்.

"அண்ணே! அண்ணே! டிரைவர் அண்ணே! உங்க நாற்காலி! நல்லவேளை, பேர் போட்டிருக்கு! இதை நீங்க எப்படிண்ணே மறந்தீங்க, இது இல்லாம நீங்க எப்படி நடப்பீங்க?"

பஸ் மொத்தமும் ஜன்னல் வழியாகத் தலை நீட்டியது. முதுகில் இருந்த எழுத்தை நாலைந்து பேர் வாய்விட்டே படித்தார்கள்.

"இதுல ஒரு கையெழுத்துண்ணே. பெற்றுக்கொண்டேன்னு." குடை பதிவேட்டை ஜன்னலுக்குள் நீட்டினான். அவன் கண்ணில் நீர் நின்றது. வெயிலாகவும் இருக்கலாம். ஓட்டுநர் கையெழுத்துப் போட்டார்.

முதலில் எழுந்தவர் ஒரு பெரியவர். "நான் அடுத்த வண்டில வரேங்க, அவசரம் ஒண்ணுமில்ல." பின்னாலேயே இரண்டு பெண்கள், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. பிறகு வரிசையாக. கண்டக்டர் டிக்கெட்டைத் திருப்பி வாங்கக்கூட நேரமில்லை. இரண்டு நிமிஷத்தில் வண்டி காலி. உள்ளே கண்டக்டர், படிக்கட்டருகே நாற்காலி, முன்சீட்டில் மகள்.

"நீ இறங்கலையா?" என்று கண்ணாடியில் பார்த்துக் கேட்டார் ஓட்டுநர்.

"எட்டு பதினாலு ஆச்சுப்பா. எட்டரைக்கு மணி அடிச்சிடுவாங்க." அவள் பையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்து, மடியில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினாள். "எடு."

ஓட்டுநர் இரண்டாவது கியரில் எடுத்தார்.